படத்திறப்புக்கு வாங்கிய சார்ஜர்

எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவர் தாணுலிங்கம் பேச ஆரம்பித்தால், மைக்கின் பேட்டரி தீர்ந்தால்தான் நிறுத்துவார். செயலாளர் செந்தூர்வேல் இறந்தபோது, இருவரும் பேசிக்கொள்ளாமல் ஒரு வருடம் ஆகியிருந்தது. அடுத்த மாதம் சங்கத் தேர்தல். ஆகவே படத்திறப்பில் ஒரு மணி நேரம் உருகுவதென்று முடிவெடுத்து, எத்தனை சதவீதம் சார்ஜ் ஏறியிருக்கிறது என்று எண்ணில் காட்டும் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்று வாங்கினார். மைக்செட் இசக்கிராஜாவிடம் பாடமும் கேட்டார்.

"நூறுன்னு காட்டுத வரைக்கும் பேட்டரியத் தொடாதிய அண்ணாச்சி."

"எனக்கே சொல்லித் தாரியாலே?"

முத்தையாபுரம் மண்டபத்தில் முன்வரிசையில் செந்தூர்வேலின் மனைவி முருகேஸ்வரி உட்கார்ந்திருந்தார்.

"நாங்கள் ஈருடல் ஓருயிர்" என்றார் தலைவர். மைக் அணைந்தது.

பேட்டரிகளைக் கழற்றி, மேடையிலிருந்த சார்ஜரில் வைத்துப் பார்த்தார். இரண்டும் நூறு. திரும்ப மைக்கில் போட்டார்.

"கடைசிவரை அவர் கூடவே இருந்தேன்."

மறுபடி அணைந்தது. மறுபடி சார்ஜரில் வைத்தார். மறுபடி நூறு.

"என்னலே இது?"

"நூறுதான் காட்டுது அண்ணாச்சி" என்றான் இசக்கிராஜா.

பேட்டரிகள் சார்ஜரிலேயே இருந்தன. காலி மைக்கைப் பிடித்தபடி தலைவர் குனிந்து, தனக்குள் முணுமுணுத்தார்.

"வந்து பாக்கச் சொல்லி மூணு தடவ ஆளனுப்பினான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

நான்கு ஸ்பீக்கர்களிலும் அது தெளிவாகக் கேட்டது.

முருகேஸ்வரி எழுந்து நின்றார்.

"வாசல் வரைக்கும் வந்தியளா அண்ணாச்சி? அவுக வாசலயேதான் பாத்துக்கிட்டுக் கெடந்தாவ."