இன்னும் எத்தனை பாட்டு?

எழுபத்தெட்டாம் வருஷத்துக் கார்த்திகை மழை. கிரிவலப் பாதை மண்டபத்தில் எங்கள் பஜனைக் கோஷ்டி பாடிக்கொண்டிருந்தது. வீடில்லாதவர்களுக்குப் போர்வை திரட்டத்தான்.

வெளியே ஒரு பெண் தலையில் சாக்கும் கையில் மூட்டையுமாக நனைந்துகொண்டு நின்றாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், "இன்னும் எத்தனை பாட்டுங்க?" என்று கேட்டாள்.

எங்கள் தலைவர் சகாதேவன் பூரித்துப்போனார். "மழையிலயும் நகராம கேக்குது பாருய்யா! இன்னும் ரெண்டு பாடலாம்."

ரெண்டு, ஐந்தானது. அவள் கால் மாற்றி மாற்றி நின்றாள். எனக்குத் தாளம் தப்பியது.

மங்களம் பாடியதும் சகாதேவன் இறங்கிப் போனார். "உள்ள வந்து கேட்டிருக்கலாமேம்மா?"

"பாட்டு முடியறவரைக்கும் உள்ள வராதேனு காலைல உங்க ஆளுங்கதான் வெளிய அனுப்பிட்டாங்க. நான் குடியிருக்கறதே இந்த மண்டபத்துலதாங்க."