சித்திரையில் ஒரு புல்வெளி

"புல் விதைக்கக்கூட காலம் பாக்கணுமா? மல்லப்பா, இது உங்க மார்டள்ளி காடு இல்ல. கம்பெனி!"

டேவிஸ் சிரித்தார். பக்கத்தில் நின்ற செக்யூரிட்டியும் சிரிக்கிறானா என்று திரும்பிப் பார்த்தார். பாவம், அவனும் சிரித்து வைத்தான்.

மைசூர் ஹெப்பாளில் அந்தக் கம்பெனியின் புதுக் கட்டடத்துக்கு முன்னால், டென்னிஸ் மைதானம் அளவுக்கு வெறும் செம்மண் கிடந்தது. இருபது நாளில் பெங்களூரிலிருந்து டைரக்டர் ரூபா மேடம் வருகிறார். அதற்குள் அங்கே பச்சைப் புல்வெளி விரிந்திருக்க வேண்டும். விரிந்தால் அட்மின் ஆபீசர் டேவிஸ், அட்மின் மேனேஜர் ஆகிவிடலாம். இதற்குக் குறுக்கே ஒரு தோட்டக்காரன் பஞ்சாங்கம் படித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"கோவிச்சுக்காதீங்க சார். சித்திரை வெயிலு மண்ணைப் போட்டு வறுக்குது. புல்லு வெதை தூளு மாதிரி இருக்குமுங்க. பாதியை எறும்பு இழுத்துட்டுப் போயிரும், மீதி பொசுங்கிப் போயிரும். ஆனியில ரெண்டு மழை எறங்கி மண்ணு குளுரட்டுமுங்க. அப்பப் போட்டா பாய் விரிச்சாப்பல வந்துருமுங்க."

"ஆனியா? மேடத்துக்கு மெயில் போடட்டுமா, ஆனியில வாங்கன்னு? நெட்ல பாத்துட்டேன்யா. புல் விதைக்க ஏப்ரல்தான் பெஸ்ட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

போட்டிருந்தது வாஸ்தவம்தான். ஏப்ரலில் பனி உருகும் தேசத்துக்காரன் ஒருவன், தன் ஊர்க்காரர்களுக்கு எழுதியது. அந்த வரி வரைக்கும் படிக்க டேவிஸுக்கு ஏது நேரம்?

எட்டுப் பாக்கெட் விதையை மல்லப்பன் கையில் திணித்தார்.

"பச்சை வந்தா நீ இங்க இருப்ப. வரலைன்னா கேட் பாஸைக் குடுத்துட்டுக் கிளம்பு. ஆய்த்து, அவ்வளவுதான், போ!"

மல்லப்பனின் மகள் தீபா மைசூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் படிப்புக்காகத்தான் அவர் மார்டள்ளிக் காட்டு விவசாயத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தது. டேவிஸுக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட் பாஸை இழுத்தார்.

ஐந்தாம் நாள் செம்மண்ணில் பச்சை எட்டிப் பார்த்தது. பதினைந்தாம் நாள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக அடர்ந்து நின்றது.

டேவிஸைக் கையில் பிடிக்க முடியவில்லை. நின்றபடி ஒரு போட்டோ, குந்தியபடி ஒரு போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டார். 'சீசனாவது மண்ணாவது! பிளானிங் இருந்தால் பாலைவனமும் பச்சை' என்று கீழே எழுதினார்.

"எங்கய்யா போச்சு உன் ஆனி?" என்று மல்லப்பனை நாலு பேர் முன்னால் கேட்டார்.

மல்லப்பன் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

"இவனுங்களுக்கு உடம்பு வளையாது. அதுக்குத்தான் வெயில், மழைன்னு கதை விடறது" என்றார் டேவிஸ், மல்லப்பன் காதிலும் விழும்படி.

சொன்ன நாளில் ரூபா மேடம் வந்தார். காரை விட்டு இறங்கியதும் அவர் கண் பச்சையில் நின்றது.

"அட, பிரமாதமா இருக்கே! யாரோட வேலை?"

"நான்தான் மேடம். விதை செலக்‌ஷன்லேருந்து எல்லாமே நானே பாத்துக்கிட்டேன்."

மேடம் குனிந்து ஒரு தாளைக் கிள்ளி, விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"நான் மத்தூர்ல வயக்காட்டுல வளர்ந்தவ, டேவிஸ். இது ராகிப் பயிர்!"

டேவிஸுக்கு முகம் செத்துப்போனது. தினமும் கேன்டீனில் ராகி முத்தே என்று களி உருண்டை விழுங்குகிறவர்தான். அது முளைத்து வந்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆனால் மூளை மட்டும் சட்டென்று வேலை செய்தது. 'இவன் விதையைத் திருடி வித்துட்டான் மேடம், இன்னிக்கே துரத்திடறேன்.' வாக்கியம் தயாராகிவிட்டது. வாயைத் திறந்தார்.

அதற்குள் மல்லப்பன் முன்னால் வந்தார்.

"ஆமாங்கம்மா, ராகிதானுங்க. சார்தான் போடச் சொன்னாருங்க. சித்திரையில புல்லு வெதை போட்டா அம்புட்டும் வீணாப் போயிரும், ஆனி வரைக்கும் மண்ணு காயாம இருக்க ராகியை முளைகட்டித் தூவு, ஆனி மழை வந்ததும் அதை மடக்கிக் கொத்திட்டுப் புல்லு போடலாம்னாருங்க. எட்டுப் பாக்கெட்டும் பிரிக்காம பத்திரமா வெச்சிருக்கறமுங்க."

மேடம் டேவிஸை ஏற இறங்கப் பார்த்தார். இந்தத் தடவை அதில் மரியாதை இருந்தது.

"வெரி குட் டேவிஸ்! காலம் தெரிஞ்சு வேலை செய்யற ஆளை இப்பல்லாம் எங்க பாக்க முடியுது?"

கை குலுக்கினார்.

மேடம் கட்டடத்துக்குள் போன பிறகும் டேவிஸ் அங்கேயே நின்றார். மல்லப்பனைப் பார்க்கக் கூசியது. திறந்த வாயில் எந்தச் சொல் இருந்தது என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்.

"மல்லப்பா... நான் உன்னைப் பத்தி மேடம்கிட்ட என்ன சொல்ல இருந்தேன்னு..."

"தெரியுமுங்க சார்" என்றார் மல்லப்பன், தண்ணீர்க் குழாயைத் திருப்பிக்கொண்டே. "அதை உடுங்க. ஆனியில புல்லு வெதைக்கோணும். அதுக்கு நானும் இங்க இருக்கோணும், நீங்களும் இருக்கோணுமில்லீங்களா?"