எல்லாம் பழசு

சாவியைக் கேட்டுக்கொண்டே என் அண்ணன் பிரின், என் வயிற்றில் ஒரு குத்துவிட்டான்.

மூன்று வருடமாக நானே கட்டிய கார் அது. எஞ்சின், விபத்தில் நொறுங்கிய ஒரு ஃபோர்டிலிருந்து வந்தது. இருக்கைகள் பால் வேனுடையவை. விளக்குகளை ஒரு டிராக்டரிலிருந்து கழற்றினேன்.

“அப்பாவோட கராஜ்ல வச்சுக் கட்டினதுதானே? எனக்கும் பங்கு இருக்கு. ஸ்வான்சி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வரேன்.”

“எடுத்துக்கோ பிரின். ஆனா...”

‘ஆனா’ என்று யார் சொன்னாலும் அவனுக்குப் பிடிக்காது. ஸ்பானரால் முழங்காலில் அடித்தான். விழுந்தேன்.

“குப்பையைப் பொறுக்கி வண்டி செஞ்சுட்டு என்கிட்டயே பேரம் பேசுறியா?”

“பேரம் இல்லடா. வண்டியில இன்னும்...”

பூட்ஸ் காலால் வாயில் உதைத்தான். ஒரு பல் நாக்கில் வந்து விழுந்தது. என் சட்டைப் பையைக் கிழித்துச் சாவியை எடுத்தான்.

ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் முதல் திருப்பிலேயே உறுமியது. அவன் முகமெல்லாம் சிரிப்பு.

“சரி, சொல்லித் தொலை. வண்டியில இன்னும் என்ன?”

பல்லைத் துப்பினேன். கராஜின் திறந்த கதவு வழியே தெரு தெரிந்தது. ஆற்றுப் பாலம் வரை ஒரே இறக்கம்.

“பெயின்ட் அடிக்கல” என்றேன்.

“நீயும் உன் பெயின்ட்டும்!”

கிளம்பிப் போனான்.

எல்லாவற்றையும் பழசாகத்தான் வாங்கினேன். பிரேக்கை மட்டும் பழசாக வாங்க மனம் வரவில்லை. புதியது வெள்ளிக்கிழமைதான் வருகிறது.