மர்டாக்கின் பாதி

என் கணவர் மர்டாக்குக்கு நேராகப் படுத்தால் மூச்சு முட்டும். நாலு வருடமாக ஹாலில் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினார். சேர்ந்து படுக்கலாமே என்று, தலைமாடு ஏறி இறங்கும் மோட்டார் கட்டிலைத் தவணையில் வாங்கினோம். இரண்டு பாதி, ஆளுக்கொரு ரிமோட்.

"என் ரிமோட்ட தொட்டே, டிவோர்ஸ்தான் வெர்னா!" என்று தலைமாட்டை உயர்த்திக்கொண்டார்.

மூன்றாவது தவணை கட்டிய ஜனவரியில் போய்விட்டார். ரிமோட்டை அவர் கோட்டுப் பையிலேயே வைத்து அனுப்பினேன். இங்கே டிம்மின்ஸ் ஊரில் குளிர்காலம் முழுக்க மண் பனியில் உறைந்திருக்கும், குழி தோண்ட முடியாது. மே வரை சவப்பெட்டி கல்லறைத் தோட்டத்துக் கிடங்கில் காத்திருக்கும்.

மறுநாளிலிருந்து, அவர் வழக்கமாகக் கண்ணயரும் மதிய வேளையில், அவருடைய பாதி கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். கடைக்குப் போன் செய்தேன்.

"ரிமோட் எதுக்கடியிலயாவது அமுங்கியிருக்கும், பாருங்க மேடம்."

"அது மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கு."

"அவ்ளோ தூரம் எட்டாதுங்க."

மே மாதம் மண் இளகியதும் அவரைப் புதைத்தோம். திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றும்போது மோட்டார் சத்தம் கேட்டது. அவருடைய பாதி மெதுவாக இறங்கி, முழுக்கத் தட்டையாகி நின்றது.

என் பாதியையும் இறக்கிப் படுத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தது அன்றுதான்.