கண்ணுக்கு ஆகாத சுண்ணாம்பு

"நீ கண்ணுக்கே ஆகாதவன். மங்கல காரியத்தில் உனக்கென்ன வேலை?" என்று ஆரத்தித் தட்டிலிருந்த மஞ்சள் தண்ணீர் விரட்டியது. சுருக்கென்றது சுண்ணாம்புக்கு. டப்பிக்குள் ஒடுங்கியது.

பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றாயிற்று. மஞ்சள் முக்கிப் பார்த்தது, முனகிப் பார்த்தது. சிவப்பு மட்டும் வருவேனா என்றது. "சிவக்காத தண்ணியிலயா ஆரத்தி எடுக்கிறது?" என்று வாசலில் ஒரே கூப்பாடு.

"அண்ணே, கொஞ்சம் வாங்களேன்!" என்றது மஞ்சள்.

சுண்ணாம்பு குதித்தது. தட்டு முழுக்கக் குங்குமச் சிவப்பு! குலவைச் சத்தம் வாசலைப் பிளந்தது.

சுற்றி முடித்த அத்தை, அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு மணப்பெண்ணுக்குப் பொட்டு வைத்தாள். கண்ணுக்கு ஆகாத சுண்ணாம்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்த்தது.