முப்பது நொடி

செத்துப்போனவள் மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

விட்டாலும் வயிறு அசையாமல் விட வேண்டும். ஆய்வுக்கு வந்தவர்கள் வீடியோ எடுக்கிறார்கள்.

நர்சிங் கல்லூரி மைதானம். காலை பத்தரை மணி வெயில். பேரிடர் ஒத்திகை. புயலில் இடிந்த பள்ளிக்கூடம் என்று சுண்ணாம்புக் கோடு போட்டு, உள்ளே இருபது மாணவிகளைப் படுக்கவைத்திருந்தார்கள். ரத்தத்துக்குக் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பூசியிருந்தார்கள். ஒவ்வொருத்தி நெஞ்சிலும் ஓர் அட்டை. ஒருத்திக்குக் கால் முறிவு, இன்னொருத்திக்குத் தலைக்காயம்.

அவள் அட்டையில் இரண்டே வரி.

மூச்சு இல்லை.
நாடி இல்லை.

வேறு எது வேண்டுமானாலும் கொடுங்கள் என்று நேற்றே கேட்டுப் பார்த்தாள். காலில் விழாத குறை.

"உனக்குத்தாம்மா ஈசியானதா குடுத்துருக்கேன். சும்மா படுத்துக் கெடக்கப்போற. அதுவுமில்லாம நீ நெஜத்துலயே பாத்தவ. நேச்சுரலா வரும்," என்றார் எஸ்தர் மேடம்.

நேச்சுரலாக வருமாம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அதையே பாடமாக நடத்துகிறவர்களுக்குமா தெரியாது?

ஆறு மாதத்துக்கு முன்னால் அடித்தது ஒத்திகைப் புயல் இல்லை.

டாக்டர்கள் சாலையில் விழுந்த மரங்களுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். அரசு மருத்துவமனை வராந்தாவில் மிச்சமிருந்தது அவளோடு சேர்த்துப் பயிற்சிக்கு வந்த ஆறு பெண்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள். வருகிறவர்களைத் தரம் பிரிக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டினார்கள். உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். நடக்கிறவருக்குப் பச்சை. இனிப் பயனில்லை என்றால் கருப்பு. ஆளுக்கு முப்பது நொடி. அதற்குமேல் யாரிடமும் நிற்கக் கூடாது.

கருப்பு நாடா கையிருப்பில் இல்லை. காற்றில் கிழிந்த குடை ஒன்றைக் கத்தரித்துக் கொடுத்தார்கள்.

பால்வண்டியில் வந்து இறங்கிய ஏழாவது ஆள் அவளுடைய அப்பா.

முப்பது நொடி எடுத்துக்கொண்டாள்.

குடைத்துணியைக் கட்டினாள்.

எட்டாவது ஆளிடம் போனாள்.

அன்று சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பேரைப் பார்த்து முடித்தாள்.

அப்புறம் கல்லூரி என்ன செய்தது என்று கேளுங்கள். மேடையேற்றி, மன உறுதிக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. பொன்னாடைகூடப் போர்த்தியது. பிறகு கவுன்சிலிங் என்று இருநூறு பேரைக் கலையரங்கத்தில் மொத்தமாக உட்காரவைத்து, ஒரு மணி நேரம் மூச்சை இழுத்து விடச் சொன்னது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியது. அத்தோடு சரி.

அதற்குப் பிறகு அவள் தின்கிறாளா, தூங்குகிறாளா என்று கேட்க நாதியில்லை. மழையில் குடை பிடிப்பதையே விட்டுவிட்டாள். தொப்பலாக நனைந்து வகுப்புக்கு வந்தவளைச் சீருடை ஒழுங்கில்லை என்று வெளியே நிறுத்தினார்கள்.

அறைத்தோழி ஜுலைகா மட்டும் ஒருநாள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதும் ஜுலைகாவும் விட்டுவிட்டாள்.

விசில் ஊதினார்கள்.

மீட்புக் குழு ஓடிவந்தது. கையில் புத்தம்புது சாட்டின் ரிப்பன்கள், நாலு நிறத்திலும் தாராளமாக. குழுத் தலைவி ஜுலைகாதான். ஆய்வாளர் ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு பின்னால் வந்தார். ஒத்திகையில் யாரையும் தொட வேண்டியதில்லை. அட்டையைப் படிக்க வேண்டும், ரிப்பனைக் கட்ட வேண்டும், நகர வேண்டும்.

பச்சை.

மஞ்சள்.

சிவப்பு.

மஞ்சள்.

அவள் நெற்றிக் குங்குமத்தில் எறும்பு ஊர்ந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிணம் அழுதால் ஊரே சிரிக்கும்.

தலைமாட்டில் ஷூ சத்தம் நின்றது.

இரண்டு வரியைப் படிக்க எவ்வளவு நேரமாகும்?

மணிக்கட்டில் மூன்று விரல்கள் பதிந்தன.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை. முணுமுணுவென்று எண்ணுகிற குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது.

"ஜுலைகா, அட்டையப் பாரு! அது பிளாக். கட்டிட்டு நகரு!" மைக்கில் எஸ்தர் மேடம் கத்தினார்.

முப்பது நொடி கடந்தது. ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். நாற்பது. ஐம்பது. நாடியை முழு நிமிடம் எண்ண வேண்டும் என்பது முதலாண்டுப் பாடம். அந்த மைதானத்தில் அது ஒருத்திக்குத்தான் ஞாபகம் இருந்தது.

"நாடி நூத்தி முப்பத்திரண்டு, மேடம்," என்றாள் ஜுலைகா. மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டது.

பிறகு ரிப்பனைக் கட்டினாள்.

படுத்திருந்தவள் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள்.

சிவப்பு.

சிவப்புக் கட்டப்பட்டவரைத் தூக்காமல் குழு நகரக் கூடாது. ஸ்ட்ரெச்சரோடு நின்ற நாலு பேரும் மேடத்தைப் பார்த்தார்கள்.

பிறகு அவளைப் பார்த்தார்கள்.

குனிந்தார்கள்.