காஜா பேராங்கில் மிஸ்ஸி பாக்கியம்

கோகிலா வந்து சேர்ந்தபோது கலியாணசுந்தரம் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துபோட்டபடி நின்றது. குடல்வால் எந்த நேரமும் வெடிக்கலாம் என்று அதில் வந்த தாதி பூங்காவனம் மன்றாடிப் பார்த்துவிட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுதந்திரம் வந்த வருஷம் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தவர் அவர். அவள் திரும்பி வரவில்லை.

கோகிலாவைக் கூட்டிவர ஓடியது அவருடைய மகள் ருக்மணிதான். அக்கா மகள் கல்யாணத்துக்காகக் கோலாலம்பூரிலிருந்து காஜா பேராங்குக்கு, அதே தெருவுக்கு வந்திருந்தாள் கோகிலா. டீவி நாடகத்தில் மிஸ்ஸி பாக்கியம் என்ற தாதியாக நடிப்பவள். நாட்டுக்கு டீவி வந்த காலத்திலிருந்து அந்த வெள்ளைத் தொப்பிதான் அவளுக்குச் சோறு போடுகிறது. டாக்டர் வேஷத்துக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தது. மிஸ்ஸி மட்டும் மாறவில்லை. சமூக மண்டபத்து டீவியில் வெள்ளிக்கிழமைதோறும் அந்த நாடகம் ஓடும்போது கலியாணசுந்தரம் வெற்றிலை மெல்லுவதைக்கூட நிறுத்திவிடுவாராம்.

ஊசியில்லாத சிரிஞ்சைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கை அவளுடையது.

ஆனால் படுத்திருப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

பூங்காவனத்தைத் தனியே அழைத்து, என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று கேட்டுக்கொண்டாள். பட்டுப் புடவை முந்தானையை இழுத்துச் செருகினாள். உள்ளே போனாள்.

கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தை வெளியே போகச் சொன்னாள். போனார்கள். கட்டில் சட்டத்திலிருந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நான் வந்துட்டேன்ல? கிளம்புங்க. வண்டியில நானும்தான் வர்றேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு வெளியே நின்ற மகளைக் கூப்பிட்டு நல்ல சட்டையாக எடுத்துவரச் சொன்னார்.

வண்டி நகர்ந்தது. ஒரு கையில் பூங்காவனம் நாடி பார்த்தாள். மறு கையை அவர் கோகிலாவிடம் கொடுத்திருந்தார். நோயாளியை ஏமாற்றிக் கூட்டிப்போகிறோமே என்று கோகிலாவுக்கு உறுத்தியது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள்.

அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க நடிக்கிறவங்கன்னு எனக்குத் தெரியும்மா. எனக்கென்ன பைத்தியமா? ஆனா இத்தனை வருஷத்துல உங்க கையைப் பிடிச்சவங்க ஒருத்தரும் சாகலையே."

கோகிலாவின் முகத்தில் மிஸ்ஸி பாக்கியத்தின் சிரிப்பு கலையவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் என்று சொல்லி, கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அறுவை முடிந்து டாக்டர் வெளியே வந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும், இப்போது பயமில்லை என்றார். ருக்மணி சுவரில் சாய்ந்து அழுதாள்.

கோகிலா கல்யாண வீட்டுக்குத் திரும்பும் முன் பூங்காவனத்தைத் தேடிப் பிடித்தாள். வெள்ளிக்கிழமை தாண்டும்வரை என்ன ஆனாலும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்றாள். அதட்டல் அச்சு அசல் நாடகத்தில் வருவதுதான். பூங்காவனம் ஏன் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை டீவியில் வரப்போகும் பகுதியைப் போன வாரமே படம்பிடித்து முடித்திருந்தார்கள்.

அதில் ஒரு பெரியவர், மிஸ்ஸி பாக்கியத்தின் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடுகிறார்.